திங்கட்கிழமைத் துவையலும் ஞாயிற்றுக்கிழமை அப்பமும்

வாசகர் கேள்வி – பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இளைஞர்கள் இரண்டு ஆண்டும் இளம்பெண்கள் பதினெட்டு மாதமும் சம்பளம் இல்லாமல் முழுநேர ஊழியத்துக்குப் போவது வழக்கம். அதைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, ஊழியர்களோடு பழகிய எங்கள் குழு இந்த இதழில் பதில் தருகிறது.

என் மகனுக்கு 19 வயது. அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, அடுத்த மாதம் கிளம்புகிறான். இரண்டு வருஷம் வீட்டுப் பக்கமே வரமாட்டானாம். வாரத்தில் ஒருநாள்தான் பேசுவானாம். மற்ற ஆறு நாளும் என்னதான் செய்வான்? நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்?
— ஒரு தாய், அஸ்தம்பட்டி

அந்த ஒருநாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம் அம்மா, உங்கள் மனசு அங்கேதான் நிற்கும். ஊழியர்கள் அதை 'பி-டே' என்பார்கள். ஆயத்த நாள் என்று பொருள், பெரும்பாலும் திங்கட்கிழமை. துணி துவைப்பது, வீட்டைக் கூட்டிக் கழுவுவது, மளிகை வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் 6 மணியோடு அது முடிந்து, மறுபடி ஊழியம் தொடங்கிவிடும். 2019 பிப்ரவரி வரைக்கும் வாராவாரம் மின்னஞ்சல் மட்டும்தான். பெற்றவர்கள் குரல் கேட்டது வருஷத்துக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது ஒவ்வொரு வாரமும் வீடியோவில் பார்த்தே பேசலாம். கூப்பிடுவது அவனாக இருக்கட்டும். நீங்கள் காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தால் பாதித் துணி வாளியில் கிடக்கும்.

அந்த அழைப்பைக் கெடுப்பது எது என்றால், கூட்டம். அத்தை, சித்தப்பா, மாடி வீட்டுக்காரர் என்று போன் கைமாறிக்கொண்டே போகும். எல்லோரும் "சாப்பிட்டியா, இளைச்சிட்டியே" என்று அதையே கேட்பார்கள். நாற்பது நிமிஷம் போய்விடும். பிள்ளை ஒன்றும் பேசியிருக்க மாட்டான். மாதத்தின் முதல் திங்கட்கிழமையை உறவுக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். மற்ற வாரங்களில் நீங்களும் அப்பாவும் மட்டும் உட்காருங்கள்.

வீட்டுக் கஷ்டத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாதியில் விடாதீர்கள். "அப்பாவுக்கு நெஞ்சு வலி, டெஸ்ட் எடுத்திருக்கு, ரிசல்ட் வரலை" என்று சொல்லி போனை வைத்தால், அதை அவன் ஏழு நாள் தனியாகச் சுமப்பான். முடிவு தெரிந்ததும் முழுதாகச் சொல்லுங்கள். அவசரம் என்றால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். அவன் ஊழியம் செய்யும் பகுதியை 'மிஷன்' என்பார்கள்; அந்த மிஷன் அலுவலகத்தைக் கூப்பிட்டால் அதன் தலைவர் வழியாகச் செய்தி போய்ச் சேரும். அந்த எண்ணை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

மற்ற ஆறு நாள்: காலை 6.30க்கு எழுவார்கள். அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. 8 மணிக்குத் தனியாக வேதம் படிப்பார்கள், 9 மணிக்கு ஜோடியாகக் கூட இருக்கும் ஊழியரோடு சேர்ந்து படிப்பார்கள். 10 மணிக்கு வெளியே கிளம்பினால் ராத்திரி 9, 9.30க்குத் திரும்புவார்கள். 10.30க்குள் படுக்க வேண்டும். 2017 முதல் ஊரின் வழக்கத்துக்கு ஏற்ப நேரங்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள மிஷன் தலைவருக்கு இடம் இருக்கிறது. வெளியே போவது என்றால் சபை ஆட்களைச் சந்திப்பது, கேட்க விரும்புகிறவர்களுக்குப் பாடம் சொல்வது, யாருக்காவது கைவேலையில் உதவுவது.

நீங்கள் செய்யக்கூடியதில் பெரியது ஒன்று உண்டு. பேசுவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஒரு பக்கம் போதும். வாரத்தைத் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். "என்ன சாப்பிட்டாய்" என்பதோடு "இந்த வாரம் யாருக்காக ஜெபித்தாய்" என்றும் கேளுங்கள். பதிலில் ஒரு மனிதரின் பெயர் வரும், அதற்கு அடுத்த வாரமும் அதே பெயர் வரும். பிள்ளை எப்படி வளர்கிறான் என்பது அதில் தெரியும்.

பலகாரம் அனுப்புவதானால் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுருண்டை தாங்கும். ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்து சட்டையெல்லாம் போய்விடும். தங்கியிருக்கும் வீட்டுக்கு அனுப்பாமல் மிஷன் அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரலாம். பார்சல் போய்ச் சேரும்போது அவன் வேறு ஊரில் இருப்பான்.

இவர்களை 'மார்மன்' என்று சொல்லலாமா? மற்ற கிறிஸ்தவ சபைகள் இவர்களை ஏற்றுக்கொள்கின்றனவா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

சபையின் முழுப் பெயரையே சொல்லும்படி 2018இல் அதன் அன்றைய தலைவர் ரசல் எம். நெல்சன் கேட்டுக்கொண்டார். மார்மன் என்பது அவர்கள் பைபிளோடு சேர்த்துப் படிக்கும் மார்மன் புஸ்தகத்திலிருந்து வந்த அழைப்பு. சபை 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தலைமையில் அமைந்தது. அவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்தைப் பற்றிய போதனையில் கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. சபைகளோடு அவர்களுக்கு அடிப்படை வேறுபாடு உண்டு. அவர்களுடைய ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை என்று 2001இல் கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது.

ஏற்காட்டில் எங்களுக்குக் காபித் தோட்டம். ஊழியம் முடித்து வந்த அக்கா மகன், எங்கள் தோட்டத்துக் காபியை டம்ளரில் கொடுத்தும் தொடவில்லை. என் மாமனாருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு வாய் குடித்தால் என்ன?
— ஒரு வாசகி, ஏற்காடு

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இங்கே காபி கொடுப்பது வாங்க என்று சொல்வதற்குச் சமம், உங்கள் மாமனாரின் வருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது கட்டளை. 1833 பிப்ரவரியில் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாக அவர்கள் நம்பும் 'ஞான வார்த்தை' என்ற வெளிப்பாட்டின்படி மது, புகையிலை, காபி, தேயிலை நான்கையும் விட்டுவிடுகிறார்கள். கிரீன் டீயும் குளிர்ந்த காபியும் இதில் அடக்கம் என்று 2019இல் சபை மறுபடி தெளிவுபடுத்தியது. கட்டளை குடிப்பதைப் பற்றியது. பயிரிடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் தோட்டத்தை அவன் குறைவாக நினைக்கவில்லை என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

தப்பு நடந்தது நேரத்தில்தான். டம்ளர் கைக்கு வந்தபிறகு மறுத்தால் எவருக்கும் முகம் வாடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, காபி டீ பழக்கம் இல்லைங்க, மோர் இருந்தா குடுங்க" என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்டு வாங்கிக் குடித்தால் கொடுத்தவர் மனசும் நிறையும். நீர்மோர், பானகம், நன்னாரி சர்பத், பால் எதுவானாலும் சரி. சுக்குக் காபிக்குப் பெயரில் மட்டும்தான் காபி. சுக்கு, மல்லி, பனைவெல்லம் போட்டு வீட்டில் கொதிக்கவைத்தால் தாராளமாகக் குடிப்பார்கள். சில கடைகளில் காபித்தூளும் கொஞ்சம் சேர்ப்பார்கள், அங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். மலைக் குளிருக்கு அடுத்த முறை அதையே போட்டுக் கொடுங்கள்.

மூன்று மாதத்தில் ஊழியத்துக்குப் போகிறேன். பி.காம். இரண்டாம் வருஷம், இரண்டு அரியர் இருக்கிறது. சமைத்ததும் இல்லை, துவைத்ததும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
— ஒரு இளைஞர், அம்மாப்பேட்டை

அரியரிலிருந்து, தம்பி. இரண்டு வருஷம் கழித்துப் பாடத்திட்டம் மாறியிருந்தால் அந்தத் தாள்கள் மலையாகிவிடும். முடிந்தால் அடுத்த தேர்விலேயே எழுதிவிட்டுக் கிளம்புங்கள், ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. இடையில் நின்று மறுபடி சேர என்ன விதி என்பதைக் கல்லூரியில் வாயால் கேட்டுக்கொண்டு வராமல், எழுத்தில் வாங்கி வீட்டில் வையுங்கள்.

சமையலில் நான்கு போதும்: சாதம், ஒரு பருப்புக் குழம்பு, ரசம், முட்டை. இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு 200 மில்லி டம்ளரால் ஒன்றரை டம்ளர் அரிசி. பச்சரிசி என்றால் குக்கரில் ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், புழுங்கலரிசி என்றால் ஒன்றுக்கு மூன்று. புது இடத்து அரிசியை முதல் நாள் அரை டம்ளர் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முழு அளவு வையுங்கள். காலையில் படிப்பு இருப்பதால் மதியத்துக்கும் சேர்த்து 7.30க்குள் முடிய வேண்டும். வெங்காயத்தை முந்தின இரவே நறுக்கி வைக்காதவர்கள் பன்னைத் தின்றே இரண்டு வருஷத்தை ஓட்டி, வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பட்டைதான் எதிரி. முழுதும் ஊறவைப்பதற்கு முன்னால் பட்டையிலும் கைமடிப்பிலும் மட்டும் சோப்புக் கட்டியைத் தேய்த்து இருபது நிமிஷம் விடுங்கள், பிறகு மென்மையான பிரஷ். பாலியஸ்டர் கலந்த சட்டைக்குப் பிளீச்சிங் போட்டால் வெளுக்காது, மஞ்சளாகும். சேலம் மாதிரி உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் சாம்பல் நிறமாக ஒட்டும்; அங்கே சோப்புத்தூள் நல்லது, அலசுவது மூன்று தண்ணீர். ஏற்காடு மாதிரி பனிமூட்டம் உள்ள இடத்தில் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. ஆறு சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

செலவுக்குத் தரும் மாதப் படி கையில் வந்ததும் நான்கால் வகுக்காதீர்கள், ஐந்தால் வகுங்கள். சில மாதங்களில் ஐந்து திங்கட்கிழமை வரும். வராத மாதத்தில் அந்த ஐந்தாவது பங்கு செருப்புத் தைக்கவும் மருந்துக்கும் ஆகும். திங்கட்கிழமை ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டால் தப்பில்லை, அதுவும் கணக்கில் இருக்கட்டும். நீச்சல் மட்டும் வேண்டாம், ஊழியர்களுக்கு அனுமதி கிடையாது.

தம்பி ஊழியத்தில் இருக்கிறான். கூட இருப்பவர் வேறு மாநிலத்துக்காரர். ஃபேன் வேகத்திலிருந்து ஜெப நேரம் வரை சண்டையாம். வேறு ஆளை மாற்றிக் கேட்கலாமா?
— ஒரு அக்கா, சூரமங்கலம்

உங்களுக்குப் பின்னணி தெரிந்தால் தம்பியின் கஷ்டம் புரியும். குளியலறை தவிர எந்நேரமும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. துணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கல்யாணமான தம்பதிகூட வேலைக்குப் போகும்போது பிரிந்திருக்கிறார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. ஊழியத்தில் ஒருவனை அதிகம் மாற்றுவது அவன் சந்திக்கும் ஊர் மக்கள் அல்ல, அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் ஆள்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அடுத்த வாரத்தைத் திட்டமிடுவார்கள். அதன் கடைசியில் தங்கள் உறவைப் பற்றிப் பேசிக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள், அங்கேதான் விஷயம் கெடுகிறது. தம்பியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில், அந்த வாரம் மற்றவர் நன்றாகச் செய்த ஒன்றைச் சம்பவத்தோடு சொல்ல வேண்டும். "நீ நல்லவன்" என்பது போதாது. "புதன்கிழமை அந்தப் பாட்டி வீட்டில் நான் அவசரப்பட்டபோது நீ பொறுமையாகக் கேட்டாய்" என்பது போதும். அடுத்து, "நான் எதை மாற்றிக்கொண்டால் உனக்கு இந்த வாரம் சுலபமாக இருக்கும்?" என்று கேட்க வேண்டும். பதில் வந்ததும் ஒரு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரே விஷயம். ஐந்து வாரக் குறையைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் கொட்டினால் எதுவும் நடக்காது. இரவு 10 மணிக்கு மேல் இந்தப் பேச்சே வேண்டாம், களைப்பில் எல்லாம் பெரிதாகத் தெரியும்.

ஃபேன், விளக்கு, பாத்திரம் மூன்றுக்கும் தாளில் முறை போட்டுச் சுவரில் ஒட்டட்டும். ஒருவர் மொழியில் இன்னொருவர் நாளுக்கு இரண்டு வார்த்தை கற்கட்டும். அடி, மிரட்டல், விதியை மீறச் சொல்வது போன்றவை நடந்தால் மட்டும் அடுத்த இடமாற்றம் வரட்டும் என்று ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே மிஷன் தலைவரிடம் சொல்ல வேண்டும்.

ஊழியத்துக்கு வந்து நான்கு மாதம். முதல் மாதம் ஜெபித்தால் கண்ணீர் வரும். இப்போது சுவரோடு பேசுவது போல இருக்கிறது. வாராவாரம் எண்ணிக்கை சொல்லும்போது என் வரிசை காலியாக இருக்கிறது. தேவன் என்னை விட்டுவிட்டாரா?
— பெயர் வேண்டாம், சொந்த ஊர் ஏற்காடு

இல்லை சகோதரி. மூன்றாவது, நான்காவது மாதத்தில் இந்த வறட்சி பலருக்கும் வருகிறது. புதுமை தீர்ந்திருக்கும், பழக்கம் இன்னும் வேர் பிடித்திருக்காது. மார்மன் புஸ்தகத்தில் ஆல்மா 32ஆம் அதிகாரம் உங்களுக்குப் பழக்கமானதுதான். விதை முளைத்த பிறகு மரத்தைக் கவனிக்காமல் விட்டால், வெயில் ஏறும்போது வேர் இல்லாததால் வாடிப்போகும் என்கிறது. அது விதையின் குற்றமல்ல என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. அதனால் விதையைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள் என்று பார்ப்போம்.

காலைப் படிப்பு. பிறருக்குச் சொல்ல வேண்டிய பாடத்தை மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் தயார் செய்கிறவர்கள் சீக்கிரம் வறண்டுபோகிறார்கள். சமைத்துச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாத கதை அது. திங்கட்கிழமை இரவு, உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு கேள்வியை நோட்டின் மேலே எழுதுங்கள். 'எனக்கு ஏன் அவள் மேல் பொறாமை வருகிறது?' என்ற அளவுக்கு உண்மையாக இருக்கட்டும். ஏழு நாளும் அந்தக் கேள்வியோடு படியுங்கள். அத்தியாயக் கணக்கு வேண்டாம். நாற்பது நிமிஷத்தில் பன்னிரண்டு வசனம் படித்தாலும் போதும். கடைசிப் பத்து நிமிஷம் எழுதுங்கள். கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள், நாற்காலியும் மேசையும் வேண்டும். கட்டில் உடம்பைத் தூக்கத்துக்குத்தான் அழைக்கும்.

ஜெபம். 10.25க்கு முழங்காலிட்டால் அதே நிலையில் தூங்கிவிடுவீர்கள். வீடு திரும்பியதும், முகம் கழுவிச் சாப்பிடுவதற்கு முன் 9.30க்கே ஜெபியுங்கள். மெல்லிய குரலில் வாய்விட்டு ஜெபியுங்கள். மனசுக்குள் ஜெபித்தால் எண்ணம் நழுவும். அன்று சந்தித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஆமென் சொன்னதும் எழுந்துவிடாமல் இரண்டு நிமிஷம் அப்படியே இருங்கள். கண்ணீர் வந்தால்தான் ஜெபம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் பெயர் திரும்பத் திரும்ப மனதில் வருவது, கோபமாகச் சொல்ல வந்த சொல்லை நிறுத்திக்கொள்வது, இவையும் பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை. திருவிருந்தில் அப்பமும் தண்ணீரும் வரும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஊழியர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தாங்கள் அழைத்தவர் வந்தாரா என்று. அக்கறையில் செய்வதுதான், ஆனால் உங்கள் வாரத்தை வைக்க வேண்டிய இடம் அது. நோட்டில் எழுதிய அந்தக் கேள்வியை மனதில் எடுத்துக்கொண்டு அப்பத்தை எடுங்கள். வாசலைச் சபை ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உபவாசம். மாதத்தின் முதல் ஞாயிறு, அடுத்தடுத்த இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல், ஏறக்குறைய 24 மணி நேரம். காரணம் இல்லாமல் தொடங்கினால் அது வெறும் பட்டினி. தொடங்கும்போதே எதற்காக என்று ஜெபத்தில் சொல்லுங்கள். சனிக்கிழமை தண்ணீர் நிறையக் குடியுங்கள். அப்பளம், ஊறுகாய் வேண்டாம், தாகம் எடுக்கும். முடிக்கும்போது மோரோ கஞ்சியோ முதலில். மலையில் வளர்ந்த உங்களுக்குச் சமவெளியின் சித்திரை வெயில் புதிது. தலை சுற்றினால் உடனே தண்ணீர் குடியுங்கள். உடம்புக்கு முடியாதவர்கள் உபவாசிக்க வேண்டியதில்லை என்பதே சபையின் நிலை.

எண்ணிக்கை. எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று வாராவாரம் சொல்வது திட்டமிட உதவும் அளவுகோல். இன்னொருவர் என்ன முடிவெடுக்கிறார் என்பது அவருடைய உரிமை. அதை உங்கள் மதிப்பெண்ணாக எழுதிக்கொள்ளக் கூடாது. ஊழியக் கையேடே, வெற்றியை முதன்மையாக உங்கள் விருப்பத்தையும் அர்ப்பணிப்பையும் வைத்துத்தான் அளக்கிறது. எண்களுக்குப் பக்கத்தில் உங்கள் நோட்டில் மட்டும் இன்னொரு வரிசை போடுங்கள்: இந்த வாரம் யாரை மன்னித்தேன், எந்த வாக்கைக் காப்பாற்றினேன். அதை யாரிடமும் அறிக்கை கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் வறட்சிக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணம் இல்லாமல் அழுகை, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு, இவற்றில் எது இருந்தாலும் அது உடல்நலப் பிரச்சினை. அன்றைக்கே மிஷன் தலைவரிடம் சொல்லுங்கள், மருத்துவ ஆலோசனைக்கு அவர் வழி செய்வார். அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். சிகிச்சைக்காக முன்கூட்டியே வீடு திரும்பினாலும் நீங்கள் செய்த ஊழியத்தின் மதிப்பு குறைந்துவிடாது. ஏற்காட்டில் உங்கள் வீட்டாரும் இதைப் படித்தால் இந்த வரியை நினைவில் வைக்கட்டும்.

ஊழியம் முடிந்து மகன் வந்து ஆறு வாரம். காலையில் சட்டை போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். வேலைக்கும் போகவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. பெண் பார்க்கலாமா?
— ஒரு தந்தை, கன்னங்குறிச்சி

பெண் பார்ப்பது கொஞ்சம் பொறுக்கட்டும் ஐயா. இரண்டு வருஷம் ஒவ்வொரு அரை மணிக்கும் வேலை இருந்தது, பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருந்தார். பெயர் அட்டையைக் கழற்றிய நாளிலிருந்து இரண்டும் இல்லை. அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊழியத்து நாளை அப்படியே வீட்டில் நடத்த முயன்றால் ஒரு வாரத்தில் உடைந்துபோகும். மூன்றை மட்டும் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள்: எழும் நேரம், மேசையில் அரை மணி படிப்பு, ஞாயிற்றுக்கிழமை மாலை தாளில் வாரத் திட்டம். அந்தத் திட்டத்தில் வேலை தேடுவதற்கு நாளும் நேரமும் குறித்து, வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம் என்று எண்ணிக்கையோடு எழுதட்டும். படிப்பு பாதியில் நின்றிருந்தால், ஊழியம் முடித்தவர்கள் தொழிற்படிப்பு முடிக்கக் கடன் கொடுக்கும் நிதியொன்றை 2001இல் சபை தொடங்கியது. அதைப் பற்றி உங்கள் ஊர்ச் சபையின் கிளைத் தலைவரிடம் கேளுங்கள். பழைய துணை ஊழியரோடு வாரம் ஒருமுறை போனில் பேசட்டும்.

வீட்டுக்கு அவன் அனுப்பிய வாரக் கடிதங்களை நீங்கள் அழிக்காமல் வைத்திருந்தால், அச்செடுத்துத் தேதிவாரியாக அடுக்கி அவன் கையில் கொடுங்கள். புது மொழி பேசத் தொடங்கியது எந்த மாதம், இருபது பேருக்கு முன்னால் பாடம் எடுத்தது எப்போது, மற்ற ஊழியர்களுக்குப் பொறுப்பாக இருந்தது எத்தனை வாரம் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கட்டும். வேலை விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருஷத்துக்கு நேராக என்ன எழுதுவது என்று அவன் திணறுகிறான் என்றால், எழுத வேண்டியது அதில்தான் இருக்கிறது.